நான் அழித்த பக்கம்

1

போன வெள்ளிக்கிழமையோடு என் அண்ணன் சலீம் மௌத்தாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. பட்டாபிராமில் வருட ஃபாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் பள்ளிவாசலுக்கு அனுப்பியதாக அம்மா போனில் சொன்னாள். நான் இங்கே பாரிஸுக்கு வெளியே எட்டாவது மாடியில் இருக்கிறேன். அன்றைக்கு லீவுகூடப் போடவில்லை. வழக்கம்போல் பள்ளிக்கூடக் கான்டீனுக்குப் போய்த் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு வந்தேன்.

அம்மா ஒவ்வொரு போனிலும் சொல்வதை அன்றும் சொன்னாள். "இன்னும் அவ வாயத் தொறக்கலடி."

அவள் என்றால் ரஹீமா அண்ணி, சலீமின் மனைவி. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மையித்தை வீட்டிலிருந்து எடுக்கும் முன்னால் மனைவியைக் கூப்பிட்டு, 'உன் புருஷன் பேசினது, செஞ்சது எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா' என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க அடி வாங்கியவள்கூட அந்த நேரத்தில் சொல்லிவிடுவாள். அண்ணியிடம் மூன்று முறை கேட்டார்கள். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. அண்ணி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எம் புள்ள மன்னிப்பு இல்லாம மண்ணுக்குள்ள கெடக்கான்" என்று அம்மா அழுதாள். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஆமாம்மா, ஆமாம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யார் அப்படிச் சொன்னாலும் மன்னிக்கலாம். நான் சொல்லக் கூடாது.

2

அதே வாரம்தான் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் வேலையும் வந்தது. இந்த ஊரில் அந்த அட்டை இல்லையென்றால் நாம் மனிதப் பிறவியே இல்லை. விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு ஜன்னலை அடைந்தேன். உள்ளே இருந்த ஆள் என் போட்டோவைத் திருப்பித் தள்ளினான். தலையில் துணி இருக்கிறதாம். முடி தெரிய வேண்டும், காது தெரிய வேண்டும் என்றான்.

பதற்றத்தில் எனக்கு மரியாதை வார்த்தை மறந்துபோய், அவனை ஒருமையில் பேசிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகியும் இந்தப் பிரெஞ்சு என் நாக்கில் சரியாக உட்காரவில்லை. அவன் புருவத்தைத் தூக்கினான். கூட வந்திருந்த என் மகள் நிலோஃபர், "அம்மா, 'நீ' இல்லை, 'நீங்கள்'" என்று முணுமுணுத்துவிட்டு, என்னைத் தெரியாதவள் மாதிரி இரண்டடி தள்ளி நின்றாள்.

ரயில் நிலையத்தில் போட்டோ எடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தேன். தலைத்துணியை உருவி நிலோஃபர் கையில் கொடுத்தேன். நாலு தடவை வெளிச்சம் அடித்தது, முடிந்தது. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"எனக்கென்ன தோணணும்?" என்றேன்.

நான் சொன்னது நிஜம். போட்டாலும் சரி, எடுத்தாலும் சரி, என் தலைத்துணியைப் பற்றி எனக்கு ஒருநாளும் எதுவும் தோன்றியதில்லை. அடுத்தவள் தலையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் முக்கியமாக இருந்தது.

3

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பட்டாபிராமில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அத்தா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சலீம் அண்ணன் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். நிக்காஹ் முடிந்து நாற்பது நாள் அண்ணியோடு இருந்துவிட்டுப் போனவன். வீட்டில் அம்மா, அண்ணி, நான் என்று மூன்று பெண்கள்.

அண்ணி அம்பத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை பார்த்தாள். செம்புக் கம்பியை மெஷினில் ஓடவிட்டு, விரலாலேயே இழுப்பு பார்த்துச் சுற்ற வேண்டும். அந்தக் கம்பெனியிலேயே அவள் கைக்கு ஈடு கிடையாது என்று கூட வேலை செய்த சரசு சொல்வாள். அண்ணியின் அம்மா வீட்டில் அவளை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவது என்று முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

லீவில் வந்த ஒருவர் மூலம் அண்ணன் ஒரு டேப்ரெக்கார்டரும், ஒரு கேசட்டும், கறுப்பு புர்கா ஒன்றும் அனுப்பினான். அதுவரை எங்கள் தெருவில் யாரும் அதைப் போட்டதில்லை. அம்மாவெல்லாம் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தவள். கேசட்டில் அண்ணன், "இங்கெல்லாம் பொம்பளைங்க எவ்ளோ கண்ணியமா இருக்காங்க தெரியுமா, ரஹீமா, நீயும் இத போட்டுக்கினு போ" என்று பேசியிருந்தான்.

அம்மா அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "நாங்க முந்தானையப் போட்டுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் இருந்தோம். அல்லா எங்கள என்ன கோவிச்சுக்கிட்டானா?" என்றாள். மறுநாள் பக்கத்து வீட்டில் போய், "ஃபாரின் துணி, கசங்கவே கசங்காது" என்று பெருமையடித்துவிட்டு வந்தாள். அம்மாவின் கொள்கை அவ்வளவுதான்.

சரசு எங்கள் லைனிலேயே மூன்றாவது வீடு. அவள் அண்ணியை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, இன்னாக்கா இது? அடிக்கிற வெயில்ல கறுப்புத் துணிய போத்திகினு! உள்ள வெந்துற மாட்டே?"

அண்ணி அதற்குச் சொன்ன பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. "ட்ரெயின்ல இது எனக்கு நல்லாத்தான் கீது சரசு. ஒருத்தன் ஒரசல, ஒருத்தன் மொறைக்கல. ஆனா மெஷின்கிட்ட போசொல்ல கழட்டி ஆணில மாட்டிருவேன். போன வருஷம் ஒன் தாவணி சிக்குச்சே, மறந்துட்டியா? போட்டுக்கறதும் நான், கழட்டறதும் நான். இதுல ஒருத்தருக்கும் இன்னா?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு எரிந்தது. வேலைக்குப் போகிறாள், சம்பளம் வாங்குகிறாள், என் அம்மாவையே சிரிக்க வைக்கிறாள், இப்போது புர்காவைக்கூடத் தன் இஷ்டத்துக்கு வளைக்கிறாள். எனக்கு இருந்ததெல்லாம் பிளஸ் டூ சர்ட்டிஃபிகேட்டும், வராத மாப்பிள்ளையும்.

4

மாப்பிள்ளை வந்தார். காரைக்கால் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸில் வேலை. பெண் பார்க்க வந்த அவர் பெரியம்மா, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மருமக எங்கே?" என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். "ஓ" என்றார் அந்த அம்மாள். அந்த ஒரு 'ஓ'வில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அண்ணி எஸ்டேட்டில் ஆண்களுக்கு நடுவே வெறுந்தலையோடு நிற்கிறாள் என்று யாராவது இவர்கள் காதில் போட்டுவிட்டால் என் பாரிஸ் போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன்.

எங்களுக்கு அப்போது கடிதம் என்றால் கேசட்தான். அண்ணனிடமிருந்து வந்த கேசட்டிலேயே அவன் பேசியதன் மேல் நாங்கள் பேசி, யாராவது போகிறவர்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரு பக்கம் அம்மாவும் நானும். இன்னொரு பக்கம் அண்ணிக்கு. அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். புருஷன் பெண்டாட்டி பேசும் பக்கத்தை வேறு யாரும் போட்டுக் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். எங்கள் தெருவில் கல்ஃபில் ஆள் இருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பூந்தமல்லிக்காரர் ஒருவர் மறுநாள் கிளம்புகிறார், சாயங்காலம் வந்து கேசட்டை வாங்கிக்கொள்வார். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அம்மா ரேஷன் கடையில். நான் அண்ணியின் பக்கத்தைப் போட்டுக் கேட்டேன்.

அவள் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. மெஷினைப் பற்றித்தான் அதிகம். எப்படிச் சுற்றும், எங்கே துணி சிக்கும், சரசுவின் தாவணி சிக்கியபோது என்ன ஆயிற்று என்று. அப்புறம் கெஞ்சினாள். அதுவரை அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இதை அண்ணன் கேட்டால் கரைந்துவிடுவான்.

ரீவைண்ட் செய்தேன். ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினேன். பேசினேன்.

"அண்ணே, அண்ணிக்கு இந்தத் தடவ பேச நேரமில்லயாம், என்னையே பேசச் சொல்லிட்டாங்க. நீ அனுப்பின புர்காவ கம்பெனி வாசல்லயே கழட்டிடறாங்க. ஆம்பளைங்க நடுவுல தலைய விரிச்சுப் போட்டுக்கினு நிக்கிறாங்க. ஊரே பேசுது. என் கல்யாணம் நின்னா நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு." நடுவில் அழுதும் காட்டினேன். மீதி நாடாவை வெறுமனே ஓடவிட்டேன், அவள் குரல் ஒரு துளிகூட மிஞ்சாமல். சாயங்காலம் பூந்தமல்லிக்காரர் வந்தபோது அண்ணியே காபி போட்டுக் கொடுத்து, கேசட்டைத் தன் கையால் கொடுத்தாள்.

5

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. அண்ணியின் பக்கத்தில் அண்ணன் பேசியது மிகக் கொஞ்சம். கதவைச் சாத்தாமல், எங்கள் முன்னாலேயே அவள் போட்டுக் கேட்டாள். "வூட்ட விட்டு வெளிய கால வெச்சா, திரும்பி வூட்டுக்குள்ள வர வரைக்கும் அது ஒடம்புல இருக்கணும். கம்பெனின்னாலும் சரி, எதுன்னாலும் சரி. ஒரு நிமிஷம் கழட்டினேன்னு காதுல உழுந்துச்சு, அதோட நம்ம உறவு முடிஞ்சுது."

அவளுக்கு அது பதிலாகப் பட்டது. தான் அவ்வளவு கெஞ்சியும் அவன் தந்த பதில். முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பாவமாகக்கூட இல்லை, நிம்மதியாக இருந்தது. மறுபடியும் ஒரு தடவை பேசி அனுப்பேன் என்று அம்மா சொன்னாள். "ஒருக்கா கெஞ்சியாச்சு. ரெண்டாந்தபா கெஞ்ச மாட்டேன்" என்று அண்ணி சொல்லிவிட்டாள். அடுத்த கேசட்டில் அவள் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "சரி."

அன்றிலிருந்து மெஷினிலும் புர்காவோடுதான் உட்கார்ந்தாள். புர்காவின் கைத்துணியை ஊக்கு குத்தி இறுக்கிக்கொள்வாள். சரசு வீட்டுக்கே வந்து சண்டை போட்டாள். "கழட்டி மாட்டேன்க்கா! ஒன் புருஷன் அங்கேர்ந்து எட்டிப் பாக்கப் போறானா?"

"அவர் பாக்க மாட்டாரு. போட்டுக் குடுக்க இங்க ஆளு கீது" என்றாள் அண்ணி. தெருவில் யாரோ என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் அப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

சரசு முதலாளியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் ரொம்ப நல்லவர், கடவுள் பக்தி உள்ளவர். "அது அவங்க மத விஷயம்மா. நாம தலையிடக் கூடாது" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாராம். மெஷினுக்கு ஒரு தடுப்பு மாட்டித் தர வேண்டும் என்று மட்டும் அந்தப் பெருந்தன்மைக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் வலது கையின் துணி மெஷினில் சுழல்கிற தண்டில் சிக்கியது. சரசு ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அண்ணி கட்டோடு கிடந்தபோது, என் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. தள்ளி வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்று சொன்னவள் அண்ணிதான். "பானு கல்யாணம் நடக்கட்டும். எனுக்கோசரம் நிக்க வாணாம்" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லோரும் என்னைப் பாசக்காரி என்றார்கள்.

6

பாரிஸ் விமானம் தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் என் கணவர் என் பக்கம் திரும்பி, "அந்த புர்காவக் கழட்டி பையில வெச்சுடு. இங்க அதெல்லாம் வேணாம்" என்றார். கழட்டி மடித்து வைத்தேன். பிறகு ஒருநாள் மாமியாரிடம், பெண் பார்க்க வந்தபோது பெரியம்மா மருமகளைப் பற்றி ஏன் விசாரித்தார் என்று கேட்டேன். "அவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணுமா இருந்துச்சு, கேக்கக் கூச்சப்பட்டாங்க. மருமக இருந்தா கொண்டாருவாளேன்னு பாத்தாங்களாம்" என்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் விசாரிக்கவே இல்லை.

அண்ணன் லீவில் வந்தான், அண்ணியின் கையைப் பார்த்தான், திரும்பிப் போனான். தான் சொன்ன வார்த்தையால் வந்தது என்று அவனுக்குத் தெரியும். தன் காதுக்கு எட்டாமல் போனது எது என்று தெரியாது. பிறகு கல்ஃபை விட்டு வந்து பட்டாபிராமிலேயே ஏசி ரிப்பேர் கடை வைத்தான். பிள்ளை இல்லை. அண்ணி இடது கையால் சமைத்துப் போட்டாள், அவன் சாப்பிட்டான். அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது என்று அம்மா சொல்வாள். அவன் மார்வலியில் போகும்வரை அப்படித்தான்.

இங்கே இப்போது பள்ளிக்கூடங்களில் தலைத்துணிப் பேச்சுதான் ஓடுகிறது. நிலோஃபர் வகுப்பில் ஒரு மொராக்கோப் பெண் தலையை மூடிக்கொண்டு வந்தாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கான்டீனில் என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரி, "பாவம், இவர்களின் அண்ணன்கள் இவர்களை மிரட்டி வைத்திருக்கிறார்கள்" என்று எனக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டாள். தங்கைகள் இருப்பது உனக்குத் தெரியாதம்மா என்று சொல்ல வந்தது. அதற்கு என்னிடம் பிரெஞ்சு போதவில்லை.

ஃபாத்திஹாவுக்கு மறுநாள் நிலோஃபர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் கட்டுரையாம். தாயைக் கேட்டு எழுத வேண்டுமாம். "நம்ம வீட்டுல யாரையாவது கட்டாயப்படுத்திப் போட வெச்சாங்களா?"

"மாமியை. உன் சலீம் மாமாவோட வைஃபை."

"யார் கட்டாயப்படுத்தினது?"

"நான்" என்றேன்.

எனக்கு எப்படித்தான் அது வாயில் வந்ததோ. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். தமிழை நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ. "அப்படி எழுதினா மிஸ் நம்ப மாட்டாங்க" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, குனிந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'என் மாமா' என்று எழுதியிருந்தாள்.

மண்ணுக்குள் கிடக்கிறவன் மேல் இன்னொரு தடவை பழியை ஏற்றியாகிவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை எடுத்தேன்.

7

அண்ணிதான் எடுத்தாள். நான் நலம் விசாரிக்கக்கூட இல்லை. கேசட், பூந்தமல்லிக்காரர், ரெக்கார்டு பட்டன், நான் பேசியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுகையும் வந்தது. இந்தத் தடவை நடிப்பு இல்லை. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அந்தப் பக்கம் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவரு அத்த கேக்கவே இல்லியா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

"அவரு திரும்பி வந்தப்பறம் இத்தினி வருஷம் ஒரே ஊட்ல இருந்தோம். ஒருநா அந்தாளு எங்கையப் புடிச்சுகினு அழுதாரு. நான் கைய உருவிகினேன். அவ்ளோ கெஞ்சியும் மனசு எறங்காதவன், இப்ப இன்னாத்துக்கு அழுவறான்னு." மூச்சு வாங்கினாள். "மையித்துக்கு முன்னாடி மூணு தபா கேட்டாங்க பானு. நான் சொல்லல."

"மன்னிச்சுக்குங்க அண்ணி."

அதை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "நான் அதுல இன்னா பேசனேன்? எனக்கே மறந்துபூட்ச்சு. ஒனக்கு நெனப்பு கீதா?"

இருந்தது. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. உலகத்தில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"சொல்லு" என்றாள்.

"வேணாம் அண்ணி."

"சொல்லுடி."

சொன்னேன். கான்டீன் தட்டு கழுவிய கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் திருட்டுத்தனமாகக் கேட்டதை, அவள் சொன்னபடியே அவளுக்குச் சொன்னேன். "ஏங்க, நான்தான் ரஹீமா. நீங்க அனுப்பிச்சது நல்லா கீது, ட்ரெயின்ல போட்டுகினுதான் போறேன். மெஷின்கிட்ட மட்டும் வாணாங்க. கை மாட்டிக்கும், பயமா கீது. இந்தக் கைய வெச்சுத்தான் எங்க ஊடு ஓடுது. நாளைக்கி ஒங்க புள்ளயத் தூக்கவும் இந்தக் கைதான் வோணும். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்னா எனக்குப் போதும், ஊர்ல யாரு இன்னா பேசனாலும் எனக்குக் கவல இல்ல."

முடித்தேன். அந்தப் பக்கம் அவள் அழவில்லை. ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"இத்த கேட்டிருந்தா அவரு சரின்னுதான சொல்லியிருப்பாரு, பானு?"

"ஆமா அண்ணி" என்றேன். "சொல்லிடுவார்னு தெரிஞ்சுதான் அழிச்சேன்."